கையா, கார்ட்ரிட்ஜா?

மாடி வீட்டு இம்ரான் போன வாரம் வந்து, "மாமி, கையை மாத்தட்டுமா, கார்ட்ரிட்ஜை மாத்தட்டுமா?" என்று கேட்டான். எங்கிருந்தோ ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரை வாங்கி வந்திருக்கிறான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவனுக்கு நான்தான் நிபுணர். எனக்குத் தெரிந்ததோ இவ்வளவுதான்: தட்டின் மேல் ஓடுவது முள், முள்ளைச் செருகியிருக்கும் குட்டிப்பெட்டி கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கிக்கொண்டு நகர்வது கை.

இதே கேள்விக்காக எங்கள் வீடு ஒரு மாதம் இரண்டுபட்டுக் கிடந்ததை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்தோம். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மேனேஜர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதி, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, ஒரே ஒரு வயலின் தட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தொடையில் விரல் தாளம் போடும். ரிக்கார்டு பெட்டி சூடேறும்போது வார்னிஷ் வாசனை ஒன்று வரும். அந்த வாசனை வந்தால் அரை மணி நேரத்துக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒரு ஆடி மாதத்தில், "சத்தம் மந்தமா இருக்கே" என்று ஆரம்பித்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்த அண்ணா, கை கனம், அது தட்டைத் தேய்க்கிறது, கையைத்தான் மாற்ற வேண்டும் என்றான். நான் கார்ட்ரிட்ஜ் என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்து சம்பளம் வாங்கிய திமிர். இரண்டையும் மாற்ற வசதியில்லை. அண்ணா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, "அவகிட்ட சொல்லும்மா" என்று அம்மா வழியாகவே வாதாடினான்.

பெரிய கடை வீதியில் காதர் பாயின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பெட்டியைத் தூக்கிப் போனேன். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும்போது எழும் குங்கிலியப் புகை கடை முழுக்க மணக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் உப்புப் படிகம் இருக்கிறது, காவிரிக்கரை ஈரத்தில் கெட்டுப்போவது உண்டு, ஆனால் இது கெடவில்லை என்றார்.

"நல்லாத்தாம்மா பாடுது. மந்தமா இருக்குன்னு யார் சொன்னாங்க?"

அப்பா என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வியாபாரம் செய்யத் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, பிடிவாதமாகப் புதிதை மாட்டச் சொன்னேன்.

லைனில் இருப்பவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. கேட்காதவர் கேட்கவில்லை என்று சொல்லமாட்டார். "சரி, சரி" என்பார். திருச்சி முழுவதையும் குரலை வைத்தே எடைபோட்ட எனக்கு வீட்டுக்குள் இருந்தது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புது கார்ட்ரிட்ஜில் வயலின் அப்படிக் கூராகப் பாடியது. அம்மா கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். அப்பா கண்ணை மூடியபடி, "இப்பதான் நன்னா இருக்கு" என்றார். நான் அண்ணாவை வெற்றியோடு பார்த்தேன். தட்டு முடிந்தது. முள் கடைசி வளையத்தில் சரக், சரக் என்று சுற்றியது. அப்பாவின் விரல் நிற்கவில்லை. தாளம் தப்பாமல் எண்ணிக்கொண்டே போனது.

அண்ணா என்னைப் பார்த்தான். நான் போய்க் கையைத் தூக்கினேன்.

சிறிது நேரம் கழித்துக் கண் திறந்த அப்பா என் விரலிடுக்கில் இருந்த கையைப் பார்த்தார். மற்றது கேட்காவிட்டாலும் வயலின் கேட்கும், கோளாறு பெட்டியில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாராம். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு வருஷமா மேனேஜர் வாயைப் பாத்துத்தாண்டி எழுதிண்டிருக்கேன்" என்றார். "இப்ப வந்திருக்கறவருக்குப் பெரிய மீசை."

சிரிக்க வேண்டிய பேச்சு. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறு மாதம் அப்பா வேலையை விட்டார். அண்ணா சம்பளமும் என் சம்பளமும் வீட்டை ஓட்டின. ரசமா குழம்பா என்று அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டக் கற்றுக்கொண்டாள். பெட்டியை அதன்பிறகு யாரும் திறக்கவில்லை.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் "நம்பர் ப்ளீஸ்" சொல்ல ஆளே வேண்டாம். அப்பா, அம்மா, அண்ணா மூவரும் இல்லை.

கார்ட்ரிட்ஜையே மாற்று என்றேன் இம்ரானிடம், பழைய பிடிவாதம். மாற்றிவிட்டு நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தட்டைப் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்ப நல்லா இருக்குப்பா" என்றேன்.

கண் திறந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்க் கையைத் தூக்கி வைத்தான். தட்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சரக், சரக் என் காதை விட்டுப் போய் எத்தனை நாளாகிறது என்றும் தெரியவில்லை.