அப்பா கொண்டுவந்த பஸ்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரிலிருந்து மண் சுமக்கவும் கல் உடைக்கவும் ஆட்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். செவ்வாய்ச் சந்தை இளைத்துப்போயிற்று. சந்தைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, ஊருக்கு ஒரு பஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். பஸ் வந்தால் வியாபாரிகள் வருவார்கள், சந்தை கூடும், போனவர்களும் திரும்புவார்கள். அதில் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சேலத்து பஸ் முதலாளிக்கோ, ஏறுவதற்கு ஆள் இருக்குமா என்று சந்தேகம். அவர் பார்க்க வந்த அன்று அப்பா ஊரையே மூட்டை முடிச்சோடு சாலையில் நிறுத்திவைத்தார். எனக்குப் பட்டுப் பாவாடை. ஊர் எல்லையைத் தாண்டியறியாத அத்தையின் தலையில் ஒரு தவிட்டு மூட்டை.

“எங்கம்மா போறீங்க?” என்றார் முதலாளி.

“சேலத்துக்குங்க.”

“சேலத்துல எங்கே?”

“அங்கியேதானுங்க” என்றாள் அத்தை.

முதலாளி சிரித்துவிட்டார். ஆனாலும் பஸ் வந்தது. மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ‘எங்கப்பா பஸ்’ என்றே சொல்லித் திரிந்தேன்.

அது காலியாக வந்து, நிறைந்து போயிற்று. மேட்டூர்வரை நடக்க அஞ்சியவர்களும் இப்போது ஏறிப் போனார்கள். நெசவாளிகள் தறியைப் பிரித்து பஸ் கூரைமேல் கட்டிக்கொண்டு, “தீவாளிக்கு வாரோமுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தீபாவளிதான் வந்தது. ஊரில் மிஞ்சியவர்களும் உப்பு புளி வாங்க ராசிபுரத்துக்கே போகத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் ஒரே மகனும் ஒருநாள் ஏறிவிட்டான். அவள் எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

“ஊரைக் காப்பாத்தறமுன்னு வண்டி கொண்டாந்தீங்க சாமி. கடசீல எம் பையனையே ஏத்தி உட்டுட்டீங்களே.”

அப்பா பருப்பை நிறுத்துக்கொண்டே இருந்தார். வாங்குவதற்கு அங்கே யாரும் இல்லை.

பிறகு எங்கள் கடையும் மூடியது. சேலத்தில் மாமாவின் மண்டியில் அப்பாவுக்கு வேலை. புறப்பட்ட அன்று, எங்கள் ஊரில் பஸ் ஏற அப்பா மறுத்துவிட்டார். வெளுக்கும்போதே அடுத்த ஊர்வரை எங்களை நடத்திக் கூட்டிப்போனார்.

“நம்ம பஸ்ஸுக்கு எதுக்குப்பா நடக்கோணும்?” என்று வழியெல்லாம் அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பஸ் வந்து நின்றது. மகனைத் தேடிப் புறப்பட்டிருந்த அந்தப் பெரியம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு ஒதுங்கி இடம் விட்டாள்.

“உக்காருங்க சாமி. சேலம் வரைக்கும் நிக்க முடியுங்களா?”

அப்பா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு சேலம்வரை நின்றே வந்தார். பஸ்ஸையே கொண்டுவந்த பெரிய மனுஷர் எதற்காக உட்கார வேண்டும் என்று, பெரியம்மாவின் மடியில் இருந்தபடியே நான் எல்லோருக்கும் கேட்கப் பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.