குப்பைத் தொட்டியில் பதினோரு வருடம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘ஃபைல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு மெயிலைக்கூட அவள் தொலைத்ததில்லை. வைக்கிற இடம்தான் விபரீதம். வேலை முடிந்ததும் டெலீட் பட்டனை ஒரு தட்டு தட்டுவாள். மெயில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஊருக்குத்தான் அது குப்பைத் தொட்டி, அவளுக்கு முடிந்த வேலைகளின் அலமாரி. தேடினால் கிடைக்கவும் செய்தது. அப்புறம் யார் பேச்சைக் கேட்பாள்!

அந்த வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. டிஸ்கில் இடமில்லையாம். மெயில் பட்டியல் தெரிகிறது, ஒன்றும் திறக்காதாம். நாள் பார்த்துக் கழுத்தறுத்தது. மூன்று மணிக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓனர் வரப்போகிறார். அவருடைய லிஃப்டில் போன வாரம் கதவு திறக்காமல் இரண்டு பேர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். கதவை இழுக்கும் பெல்ட் தேய்ந்ததை மெக்கானிக் சொல்லவே இல்லை, அவனை வேலையைவிட்டுத் தூக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த மெக்கானிக் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. பெல்ட்டைப் பற்றி அவன் எழுதிக் கொடுத்ததை ஓனருக்கு மெயிலில் அனுப்பியவளே அவள்தான். பதிலும் வந்திருந்தது. எல்லாம் அந்தத் தொட்டிக்குள். கம்பெனியில் வேறெங்கும் நகல் இல்லை.

மேனேஜரின் மச்சான்தான் கம்பெனியின் கம்ப்யூட்டர் நிபுணர். எப்படி ஆனார் என்று கேட்கக் கூடாது. வந்து பார்த்துச் சிரித்தார்.

“என்னக்கா, குப்பை மலையாக் கெடக்கு! காலி பண்ணிட்டா சரியாயிடும்.”

மவுஸுக்குப் போன கையை அவள் பட்டென்று தட்டிவிட்டாள்.

“கைய எடுங்க சார். அது குப்பை இல்ல, என் தம்பி பொழப்பு.”

“அப்ப நீங்களே பாத்துக்குங்க.” முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் எதிர்ச்சாரியில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்யும் மகளிடம் ஓடினாள். மகள் தன் எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கையில் திணித்தாள்.

“மொதல்ல மெயில மூடும்மா. மெயில் இருக்கிற ஃபோல்டர இதுக்குள்ள காப்பி பண்ணு, கட் பண்ணிடாத. முடிஞ்சதும் செட்டிங்ஸ்ல புது எடத்தக் காட்டு.”

ஆபீசுக்குத் திரும்பி டிஸ்கை மாட்டினாள். காப்பி ஓடத் தொடங்கியது. பச்சைக் கோடு அசைவேனா என்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், ஒயரைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருக்க வந்தவரையும் பக்கத்தில் விடவில்லை. இரண்டே முக்காலுக்கு முடிந்தது. புது இடத்தைக் காட்டி மெயிலைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் தெரிந்தது, வெளி ஃபோல்டரைக் காட்டியிருக்கிறாள், மெயில் அதற்குள் இன்னொன்றில் இருந்தது. மாற்றிக் காட்டித் திரும்பத் திறந்தாள். பதினோரு வருடமும் வரிசையாக வந்து நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று மணிக்கு ஓனர் வந்து மேனேஜரிடம் பாய்ந்தார். “எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவன மொதல்ல தூக்குங்க.”

அக்கா திரையை மேனேஜர் பக்கம் திருப்பினாள். அவர் உரக்கப் படித்தார். ‘கதவு பெல்ட் தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.’ அதற்கு ஓனரின் பதில்: ‘இன்னும் ஆறு மாதம் ஓடும். அதுவரை யாரையும் அனுப்ப வேண்டாம்.’

ஓனர் திரையை எட்டிப் பார்த்தார். “இத... இன்னைக்கே டைப் பண்ணியிருக்கலாமே?”

“உங்க போன்லயும் இருக்குமே சார். எடுத்துப் பாருங்களேன்” என்றாள் அக்கா.

எடுத்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

“வேற மெக்கானிக்க அனுப்பவா சார்?” என்றார் மேனேஜர்.

“வேணாம்,” என்றார் ஓனர் மெதுவாக. “இந்தத் தம்பியே வரட்டும்.”

வாசலில் கருவிப் பையோடு நின்ற தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னடா நிக்கிற?” என்றாள் அக்கா. “பெல்ட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு!”