நாற்பதாவது வீடு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாவுலவில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றினேன். பலாபத்வலவில் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் சுற்றுலாக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையை முகரக் கொடுத்தேன். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவேன் என்பதால் ஒரு பேராசிரியர் என்னைத் தன் ஆராய்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப்போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது அவர் தனியாகத்தான் வருவார். சடங்கு, சாமி, கல்யாணம், யாருக்கு யார் உறவு, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூன்று இனத்தவருமாக நாற்பது வீடுகளைப் பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார். யாராவது விளைச்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "அது வேற ஆக்களின்ட பாடம்" என்று பேனாவை மூடிவிடுவார். அந்த வேற ஆட்களும் அதே மாதம் அதே வீட்டுக்கு வந்து மண்ணைத் தோண்டிப் போவார்கள். இவரும் அவர்களும் பேசிக்கொண்டதில்லை.

கொஞ்ச நாளில் கேள்வித்தாள்களை என்னிடமே கொடுத்தனுப்பினார். நாற்பதாவது வீடு பல்லேகமவுக்கு மேலே, ஓடைக்கு அப்பால். நான் போன அன்று ஓடையில் மார்பளவு தண்ணீர். மறுநாள் தாள்களை ஒப்படைக்க வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நானே நிரப்பினேன். தமிழ்க் கணவன், சிங்கள மனைவி, முன்னறையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் கூட்டாளி. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. இறைச்சியைக் கூட்டாளிதான் ஹலால் பார்த்து வாங்கி வருவார், அதனால் யாருக்கும் தடையில்லை. பேராசிரியருக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இதுதான் தம்பி நாடு" என்றார்.

ஓடை வற்றியதும் ஏறிப் போய்ப் பார்த்தேன். கூரையில்லாத சுவர்கள்தான் நின்றன. ஆள் குடியிருந்து பல காலம் ஆகியிருக்கும்.

சில வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பவும் போகவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டை விளங்கிக்கொள்ள முடியாது என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயப் பொருளாதாரம் படித்த ஒருவர் சேர்ந்தார். அவரும் கேள்விகளை என்னிடமே கொடுத்தனுப்பினார். அவருக்காக அந்த வீட்டுக்குத் தாளிலேயே மிளகுக் கொடி நட்டேன். அடுத்த முறை சரித்திரக்காரர் ஒருவர் சேர்ந்து காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டார். அது மனைவியின் அண்ணனிடம் குருநாகலில் இருக்கிறது என்றேன். அதற்கடுத்த முறை மொழி ஆராய்ச்சிக்காரர் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தனுப்பினார். வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, முஸ்லிம் கூட்டாளியாக நானே கால் மணி நேரம் பேசினேன்.

மட்டக்களப்பில் படகு வேலைக்கு ஒரு சிநேகிதன் கூப்பிட்டான். போக ஆசை. ஆனால் நான் போனால் என் இடத்துக்கு வருகிறவன் அந்த ஓடையைத் தாண்டுவான். பிடிபட்டால் இந்த மாவட்டத்தில் யாரும் என்னை எந்த வேலைக்கும் நம்ப மாட்டார்கள். பதின்மூன்று வருடம் நின்றுவிட்டேன். வேறெந்த இடத்திலும் நான் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவரிடம் படித்த ஒரு பெண் பொறுப்பெடுத்தார்; மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் எல்லாப் பாடக்காரர்களும் ஒரே வேனில் வந்தார்கள். ஐஸ் பெட்டியோடு ஒரு டாக்டரும். வீட்டுக்கு வீடு இரத்தமும் கிணற்றுத் தண்ணீரும் எடுக்க வேண்டுமாம். பல்லேகமவிலிருந்துதான் தொடக்கம்.

"அந்தக் கடைக்காரரை நேர்ல பார்க்கணும்," என்றார் மொழிக்காரர். "பாதி முஸ்லிம் பேச்சு, பாதி லொறிக்காரன் பேச்சு. அவரை வச்சு நான் ஒரு கட்டுரையே எழுதிட்டேன்."

குரலைக் கொடுக்கலாம். இரத்தத்துக்கு எங்கே போவது? ஓடைக்கரையில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"மிஸ், அங்க வீடு இல்ல."

"இடிஞ்சு போச்சா?"

"நாம வர்றதுக்கு முந்தியே இடிஞ்சது."

"அப்ப அந்த அம்மா?"

"இல்ல."

"கம்பஸுக்குப் படிக்கப் போன மகள்?"

"அதுவும் நான் எழுதினதுதான் மிஸ்."

"எனக்கு ஒரு ஊசி மிச்சம்," என்றார் டாக்டர். மொழிக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டை வச்சுத்தான் நான் பட்டம் வாங்கினேன்," என்றார் மிஸ். பிறகு, "இன்னும் எத்தனை வீடு இப்படி?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுதான்."

"அதையும் நீங்கதானே சொல்றீங்க."

எப்படியும் துரத்திவிடுவார் என்று நினைத்துக் காலையிலேயே உடுப்பையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அவர் துரத்தவில்லை. "மிச்சம் முப்பத்தொன்பது வீட்டுக்கும் என்னோட வர்றீங்க. ஒவ்வொரு வீட்டு ஆக்களும் உங்களைத் தெரியும்னு சொல்லணும். அது முடியிற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது."

மறுநாள் காலை மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. வீட்டுக்கார அம்மா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவரைத் தெரியுமா என்று மிஸ் கேட்டார்.

"தெரியாம? வந்து வந்து எங்கட வாப்பாட வாப்பா பேரைக் கேட்டுட்டுப் போவாரே. இப்ப என்ன, களவு எடுத்திட்டாரா?"

மிஸ் தாளில் அடையாளம் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஆளைத் தெரியும் மகள்," என்றார் அந்த அம்மா. "எங்களப் பத்தி என்ன எழுதினாரு எண்டு எனக்கு எப்படித் தெரியும்? வாசிங்க, கேப்பம்."

மிஸ் திரும்ப உட்கார்ந்து, பையிலிருந்து அந்த வீட்டின் பழைய கேள்வித்தாளை எடுத்து முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். நான் வெயிலில் நின்றேன். மூன்றாவது வரியில் அந்த அம்மா, "அது பிழை" என்று கையைக் காட்டி நிறுத்தினார்.