பெயிண்டர் எடுத்து வைத்த பாலாடை

பெயிண்டருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் ‘மூணு கோட்டுக்காரர்’. மற்றவர்கள் சுவருக்கு இரண்டு கோட்டு அடித்தால் இவர் மூன்று அடித்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். அந்தப் பிடிவாதத்தால்தான் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. வெளியூரில் ஒரு ஹோட்டல் வேலை. கடைசிக் கோட்டு காய்ந்த பிறகு, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி அதை ஆறவிடவில்லை.

“நீ பொறந்தப்போ உங்கப்பா சுவரோட குடும்பம் நடத்திக்கிட்டிருந்தார்டி” என்று, யார் வந்தாலும் காபியோடு சேர்த்து அதையும் பரிமாறுவாள்.

இப்போது அந்த மகளுக்கே மகள் பிறந்திருக்கிறாள். பெயிண்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. “புள்ளையோட நீ வீட்டுக்கு வர்ற அன்னிக்குக் கடைப் பலகாரமே கிடையாது. அப்பா கையால பால்கோவா!” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற மனைவி, “நம்ம வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. நான்கு மணிக்கு மனைவி, மகளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வருகிறாள். ஒரு மணிக்கே இரண்டு லிட்டர் பாலை அடிகனமான வாணலியில் ஊற்றி, தீயைச் சிறிதாக்கிவிட்டு நின்றார். கிண்டுவது அவருக்குப் புதிதா என்ன? முப்பது வருஷம் டிரம் டிரம்மாகப் பெயிண்ட் கலக்கிய கை. ஒரு சொட்டு அடிப்பிடிக்கவில்லை.

ஆனால் கரண்டியை எடுத்த நேரமெல்லாம் பால்மேல் ஆடை படிந்தது. அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. தோல் கட்டிய பெயிண்டை அப்படியே அடித்தால் சுவரெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கும்; முதலில் தோலை எடுத்தெறி என்பதுதான் தொழிலின் அரிச்சுவடி. ஆடையை அலுங்காமல் தூக்கி, பூனைக்காக ஒரு தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி எடுத்தார். தட்டு நிறைந்துகொண்டே வந்தது. பால் சுண்டியதே தவிர, இறுகுகிற வழியைக் காணோம்.

மூன்றரைக்கு, மருமகனின் அம்மா குழந்தைத் துணிப் பையோடு முன்னதாகவே வந்துவிட்டாள். நேராக அடுப்படிக்குத்தான் வந்தாள்.

“என்ன சம்பந்தி, பால்கோவான்னீங்க? கரண்டியில நிக்கவே மாட்டேங்குதே!”

“ரெண்டரை மணி நேரமா நிக்கிறேன் சம்பந்தியம்மா. மேல கட்டுற குப்பையை ஒண்ணு விடாம எடுத்துட்டேன். அப்பவும் சேரலையே.” மனைவி சொல்லப்போவது அவர் காதில் இப்போதே கேட்டது.

“குப்பையா? அதை எங்க போட்டீங்க?”

அவர் ஜன்னலைக் காட்டினார். எதிர் மதிலில் பூனை பாய்வதற்கு முதுகைக் குறுக்கியிருந்தது. சம்பந்தியம்மா போட்ட கூச்சலில் அது தெருக்கோடிக்குப் போய்விட்டது.

“ஐயய்யோ, ருசி முழுக்க இதுலதானே இருக்கு! சர்க்கரை எங்க?”

சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுப் பாலை இறக்கினாள். ஆடையைப் பட்டை பட்டையாகக் கீறி அதில் மெதுவாக விட்டாள். பழக்கதோஷத்தில் அவர் கரண்டியை நீட்ட, கையில் ஓர் அடி விழுந்தது.

“கலக்கினீங்கன்னா தெரியும் சேதி! இது பாசந்தி. ஆடை வாயில அகப்படணும்.”

வாசலில் கார் வந்து நின்றது. மகள் உட்கார்ந்ததும் கிண்ணத்தை நீட்டினார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்பா, இது பால்கோவா இல்லையே.”

“இல்லம்மா, அது வந்து...”

“அதைவிட நல்லாருக்குப்பா. இன்னும் கொஞ்சம் போடுங்க.”

சம்பந்தியம்மா பூனை வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு, “கையைக் கழுவிட்டு வாங்க” என்று சொல்லி, பேத்தியை அவர் கையில் வைத்தாள்.

“கேட்டுக்கோடி தங்கம். நீ வந்த அன்னிக்கு உங்க தாத்தா வீட்லதான் இருந்தார். பாலுக்கும் பெயிண்டுக்கும் வித்தியாசம் தெரியாம நின்னார், அவ்வளவுதான்.”

இனி காபியோடு இதைத்தான் பரிமாறுவாள். பரிமாறட்டுமே என்று மூணு கோட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். வீட்டில்தான் இருந்தார் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே!