பன்னிரண்டாவது வீட்டின் வோல்டேஜ்

போன வாரம் ஒரு மழைச் சாயங்காலம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் செல்போனில் பாடம் செய்துகொண்டிருந்தாள். திரையில் ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், வரிசையாக மூன்று ரெசிஸ்டர்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் விரலால் இழுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். இரண்டு, நான்கு, ஆறு. கூட்டினால் பன்னிரண்டு. பேட்டரியும் பன்னிரண்டு. ஷாக் அடிக்காத கரண்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கம்பியில எவ்வளவு வோல்ட் விழுகுது?" என்று கேட்டேன்.

"இதுல கம்பிக்கு ரெசிஸ்டன்ஸே கெடையாதுப்பா. சைபர்னு வச்சிருக்காங்க."

அப்படி ஒரு கம்பியை என் ஆயுளில் நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த கம்பி, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து லயத்துக்குச் சரிவில் இறங்கிய மெல்லிய கம்பி. லயம் என்றால் வேலையாட்களுக்கான பன்னிரண்டு வீடுகள், ஒரே கூரை, நடுவில் சுவர்கள். ஸ்டோரில் அடுப்பு எரியும் நாட்களில் ஏலக்காய் வாசனை சட்டையில் ஏறிவிடும். ஊருக்கு வந்தால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்னைப் பெரிய வியாபாரி என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார். நான் பத்தாம் வகுப்பு முடித்து, ஏணி தூக்கித் தூக்கி அந்தத் தோட்டத்துக்கு வயர்மேன் ஆனவன். கழுத்தில் ஒரு மஞ்சள் மீட்டர் தொங்கும். பெண்கள் பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும். அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

கடைசி வீட்டில் பாண்டியம்மா அக்கா இருந்தார். புருஷனுக்கு இளைப்பு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்கும் மிஷின் ஒன்றைப் போடியில் பழசாக வாங்கி வந்திருந்தார். ஒருநாள் குழாயடியில் என்னை மறித்தார்.

"தம்பி, அந்தியில மிஷினப் போட்டா உறுமுது, புகையே வர மாட்டேங்குது. மூச்சு முட்டி உக்காந்திருக்காரு மனுசன். வெரசா வந்து பாருங்க."

பக்கத்தில் குடம் வைத்திருந்தவள் சிரித்தாள். "அந்தத் தம்பி மீட்டரோடதான் பேசும்க்கா. நீ மீட்டர்கிட்ட சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மீட்டரைப் பார்த்து.

போனேன். ஆனால் அந்தியில் போகவில்லை. அந்தியில் லயம் முழுக்கப் பெண்கள் இருப்பார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில், எல்லோரும் காய் எடுக்கப் போயிருந்தபோது போனேன். அவர் புருஷனும் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாளிக்கு அடியில் சாவி. உள்ளே மிஷின் துணி போட்டு மூடியிருந்தது. அடுத்தவர் பொருளைத் தொடக் கூச்சம். சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் மட்டும் மீட்டர் முனைகளை வைத்தேன். இருநூற்று இருபத்தைந்து.

சூப்பர்வைசர் மலையாளி. "வோல்டேஜ் உண்டல்லோ. மிஷின் பழசு, அதாக்கும்" என்று முடித்துவிட்டார். பாண்டியம்மா அக்காவிடம், அவர் கையிலிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டு, "கரண்டு சரியா இருக்குக்கா" என்றேன்.

அவர் மிஷினைச் சுமந்துகொண்டு ஜீப்பில் போடிக்குப் போனார். கடைக்காரர், இங்கே நன்றாக ஓடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தியில் மறுபடி உறுமல். மறுபடி என்னைக் கூப்பிட்டார். மறுபடி நான் உச்சிப்பொழுதில் போனேன். அதே இருநூற்று இருபத்தைந்து.

பத்து நாள் கழித்து, மழையும் மூட்டமுமான ஒரு சாயங்காலம், அந்த மனுஷனை ஜீப்பில் ஏற்றிப் போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். பாதி வளைவுகள் தாண்டும் முன்பே ஜீப் திரும்பிவிட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம், வாசலில் ஒரு பல்பு போடச் சொல்லி என்னை அழைத்தார்கள். போட்டேன். செம்மண் நிறத்தில் எரிந்தது. என்னையறியாமல் மீட்டரை எடுத்து வைத்தேன். நூற்று நாற்பது.

லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். அடக்கத்துக்குப் போனவர்கள் குளிக்க, வீட்டுக்கு வீடு வாளியில் ஹீட்டர் கம்பி போட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டுமல்ல. காட்டிலிருந்து நனைந்து, அட்டைக் கடியோடு வருகிறவர்கள் தினமும் அந்தியில் அதைத்தான் செய்வார்கள். அத்தனை ஹீட்டரும் இழுக்கும்போது வோல்டேஜ் ஸ்டோரிலிருந்து வரும் அந்த மெல்லிய கம்பியிலேயே விழுந்துவிடும். கடைசி வீட்டுக்கு மிச்சம்தான். யாரும் எதையும் போடாத உச்சிப்பொழுதில் அளந்தால் எதுவும் விழாது.

உள்ளே பாண்டியம்மா அக்கா அழுதுகொண்டிருந்தார். "பழைய மிஷின வாங்கியாந்து நானே கொன்னுட்டேனே ஆத்தா..."

நான் மீட்டர் வயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே வேலையை விட்டு இறங்கிவிட்டேன். சில வருஷம் கழித்து பாண்டியம்மா அக்காவைப் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, நல்லாருக்கீகளா? பாவம், நீங்களும் ரெண்டு தடவ வந்து பாத்தீக. எம்புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காது சூடாகியது. "எங்கக்கா போறீக?" என்று கேட்டேன்.

"ராசிங்காபுரத்துல ஒரு சோலி." பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

"இங்க பாருங்கப்பா," என்று மகள் தோளைத் தட்டினாள். திரையில் சுவிட்சைத் திறந்திருந்தாள். "இப்ப எதுலயும் டிராப் இல்ல, எல்லாம் சைபர். கரண்டு ஓடுனாத்தான் விழுகுறது தெரியும். ஈசியா இருக்குல்ல?"

ஈசிதான் என்றேன்.

லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க அறைகள் கட்டியிருக்கிறார்கள். தடித்த கேபிள் போயிருக்கிறது. ஸ்டோரும் இடம் மாறிவிட்டது; அந்தப் பக்கம் ஜீப்பில் போனால் வாசனை வருவதில்லை. பாண்டியம்மா அக்காவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். தன்னால்தான் என்ற நினைப்பையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.