கடுக்காய்க் கொட்டையும் காணாமல் போன பலாச்சுளையும்

செல்லி, பொன்னா — இந்த வாரப் பத்திரிகைக் கடிதத்தை என் பிள்ளைகளான உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஓர் அப்பா இருப்பாரே!

போன வாரம் திரிபலா சூரணம் இடித்தேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிவற்றல் — மூன்றும் நம் கொல்லிமலையிலேயே கிடைப்பவை. இடித்துச் சலித்து வைத்துக்கொண்டால் மலச்சிக்கலுக்கு வேறு மருந்து தேட வேண்டாம். இந்த யுத்த காலத்தில் கடை மருந்து மலையேறி வருவது ஏது?

ஒரே ஒரு விதி. கடுக்காயை உடைத்து உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிட வேண்டும். அது வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். எடுப்பது லேசான காரியமா? கல்லால் தட்டினால் விரல்தான் நசுங்குகிறது. கையளவு காய்க்கு எடுத்தேன். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது... மீதியைக் கொட்டையோடு உரலில் போட்டுவிட்டேன்.

பொடியாகிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

செல்லி இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. வெந்நீரில் ஒரு கரண்டி கலக்கிக் கொடுத்தேன். விடிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

அதே காலையில், அடுப்படியில் மூடி வைத்திருந்த பலாச்சுளையில் பாதியைக் காணோம்.

“ஏனுங்க, இவதான் தின்னிருக்கோணும். வெறும் வயித்துல பலாப்பழம் தின்னா வலிக்காம என்ன பண்ணும்?” என்றாள் உங்கள் அம்மா.

“சாமி சத்தியமா நான் தின்னலீங்கம்மா!”

“பொய் வேறயா? சந்தைக்கு நீ போக வேண்டாம்.”

பேளுக்குறிச்சிச் சந்தையில் வளையல் வாங்க ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் செல்லி. எனக்கோ உண்மைக் காரணம் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? இன்னொரு செம்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் வலி விட்டுவிட்டது. அம்மா போட்ட தடை விடவில்லை.

சந்தை நாளில் பொன்னனும் நானும் மட்டும் இறங்கினோம். பாதி மலையில் அவன் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன் கண்ணு, கால் வலிக்குதா?”

“இல்லீங்கப்பா... அந்தப் பலாச்சுளையத் தின்னது நானுங்க.”

“அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?”

“சொல்லியிருந்தா என்னையச் சந்தைக்கு எங்க கூட்டியாந்திருப்பீங்க?”

ஒன்பது வயதுப் பிள்ளை பாதி மலையில் சொல்லிவிட்டான். நான்? சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

“எந்திரி, ஊட்டுக்குப் போலாம்,” என்றேன்.

இருவரும் சொன்னோம். முதலில் நான். வலிக்குக் காரணம் கொட்டையா, நான் கரண்டியைக் குவித்துக் கொடுத்ததா — நான் வைத்தியனில்லை, சொல்லத் தெரியாது. செல்லி பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

“அப்பனும் மவனும் சேந்து புள்ளையப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்களே!” என்றாள் அம்மா.

செல்லி எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. “அடுத்த சந்தைக்கு நான் வாரேன். அவன் ஊட்டுல கெடக்கட்டுங்க.”

நியாயமான தீர்ப்பு. எனக்கு அவள் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

பொடி நல்ல பொடிதான், பிள்ளைகளே. இடித்தவன்தான் சரியில்லை.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பொடியை அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் கொடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் தனியாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

மூன்று வாசலிலும் காரணத்தையும் சொன்னேன்.