பட்டனுக்கு வைத்த பொட்டு

மோட்டார் சைக்கிளில் பழுது என்றால் என் தம்பி மூக்கன் ஊகித்துச் சொல்ல மாட்டான். ஒவ்வொன்றாகச் சோதித்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று விலக்கிக்கொண்டே போவான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வடக்கே அக்கராயனுக்கு வந்தபோது அவனுக்கு ஒரு தொழிலும் தெரியாது. மல்லாவியில் யோகலிங்கத்தின் கடையில் சைக்கிள் ரியூப் ஒட்டத் தொடங்கியவன், சில வருடங்களில் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டினான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அக்கராயனில் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. ரோட்டோரக் காணி செல்வநாயகம் ஐயாவுடையது. நாங்கள் அவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். "தை பிறக்கட்டும், கொட்டிலைப் போடு" என்று அவரே சொல்லியிருந்தார்.

ஐயா புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் பட்டனை அழுத்தினால் கிளம்பும். காலால் உதைத்தும் கிளப்பலாம். ஆனால் ஊர் பார்க்க உதைப்பதை அவர் மரியாதைக் குறைவாக நினைத்தார். மார்கழியில் ஒருநாள் பட்டன் வேலை செய்யவில்லை. மூக்கனைக் கூப்பிட்டனுப்பினார். நான் அவர் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடா, போன கிழமை செயினை இறுக்கச் சொன்னா பட்டனைச் சாக்காட்டிப்போட்டியே?"

"செயினுக்கும் பட்டனுக்கும் சம்பந்தமில்லீங்க ஐயா. பாக்குறேன்."

ஹோர்னை அடித்தான்; கோழிகள் சிதறின. லைட் மங்காமல் எரிந்தது. பட்டரியில் குறையில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. பக்கமூடியைக் கழற்றி, ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும் இரண்டு தடித்த ஆணிகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டான். பொறி பறந்தது, எஞ்சின் கிளம்பியது.

"மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. அடுத்து பட்டன பாக்கணும்."

பட்டனைத் திறந்தான். உள்ளே சந்தனமும் குங்குமமும் இறுகிக் கிடந்தன. ஐயாவின் மனைவி சிவலட்சுமி வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடித்து, வண்டியின் உயிர் அங்கேதான் என்று பட்டனுக்குப் பொட்டு வைப்பா.

"ஐயா, சந்தனம் உள்ள போயி காஞ்சிருக்கு."

சிவலட்சுமி வாசலுக்கு வந்தா. "சாமிச் சந்தனமோ பழுதாக்கினது? கேட்டீங்களே கதையை! தோட்டக்காட்டாக்களை முற்றத்தில விட்டா இப்பிடித்தான்."

"சாமிய சொல்லலீங்கம்மா. இங்க இருக்கறத சொல்றேன். நீங்களே பாருங்க."

அவா பார்க்கவில்லை. மூக்கன் பெற்றோலில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்துப் பூட்டினான். ஒரே அழுத்தில் கிளம்பியது. ஐயா ஏறி உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கொட்டில் கதையை விடு. அந்தக் காணியில எனக்கு வேறை வேலை இருக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் மூக்கன் கேட்டான்: "வயர் கழண்டிருக்குன்னு சொல்லியிருந்தா கொட்டில் கெடச்சிருக்குமாக்கா?"

"கெடச்சிருக்கும். மறுபடியும் பட்டன் செத்திருக்கும்."

"செத்தா என்னைத்தானே கூப்பிடுவாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காணியில் இன்றுவரை எருக்கலைச் செடிதான் நிற்கிறது. மூக்கன் இன்னும் யோகலிங்கத்தின் கடையில் கூலிக்குத்தான் நிற்கிறான். சிவலட்சுமி இப்போதெல்லாம் பட்டனைத் தொடுவதில்லை. ஹெட்லைட்டுக்கு மேலே மட்டும் பொட்டு வைக்கிறா. நெல் காயப்போடும்போது வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறேன்.